தாழ்ப்பாள்

வீட்டுக்குள் பெற்ற தாய். வாசற்கதவில் அவள் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள். இது நியாயமா என்று கேட்டால், பத்துப் பேரில் ஒன்பது பேர் "சே, இதென்ன அநியாயம்!" என்பார்கள். பத்தாவது ஆள் ஒன்றும் பேசமாட்டார். அநேகமாக அவர் வீட்டில் அப்படி ஒரு தாழ்ப்பாள் இருக்கும்.

பேசாத அந்த மனிதருக்காகவும் கொஞ்சம் பேச வேண்டும் என்று தோன்றுகிறது. எங்கள் தெருக்காரப் பெரியம்மா ஒருத்தி 2024ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் ஒரு நாள் காலை பதினோரு மணிக்குக் குரோம்பேட்டையில் தன் இளைய மகன் வீட்டிலிருந்து நடந்து போனாள். இன்றுவரை அகப்படவில்லை. எனக்கு அவள் ரத்த உறவில்லை. மாயவரத்தில் பக்கத்து வீடு. சின்ன வயதில் அவள் கையால் சாப்பிட்டவன் என்பதால் பெரியம்மா.

நம் வீடுகளில் இந்தக் கோளாறுக்கு வியாதி என்ற பெயரே இருந்ததில்லை. வயதாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது, அவ்வளவுதான். ஐம்பதைத் தாண்டியதும் ஞாபகம் கெட்டு இறந்துபோன ஒரு பெண்ணின் மூளையை ஆராய்ந்து, 1906ல் அல்ஷைமர் என்ற ஜெர்மன் வைத்தியர் இது மூப்பின் குணமல்ல, மூளையில் நேரும் சேதம் என்று சபையில் எடுத்துச் சொன்னார். 2023ல் வெளியான ஒரு கணக்குப்படி நம் நாட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 7.4 பேருக்கு இந்த மறதி நோய் இருக்கிறது. ஏறத்தாழ 88 லட்சம் பேர். ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். அதாவது, இதை வாசிக்கிற உங்கள் தெருவிலேயே ஒரு பெரியம்மா இருக்கக்கூடும்.

இந்த நோயில் கடைசியாக வந்தது முதலில் போகிறது. காலையில் சாப்பிட்டது போகும், பேரன் பெயர் போகும், புருஷன் செத்தது போகும். ஐம்பது வருஷத்துக்கு முந்திய ரயில் நேரம் மட்டும் அப்படியே இருக்கும். பெரியம்மாவின் கணவர் ரயில்வே குமாஸ்தா. சாயங்காலம் ஐந்து மணி ஆனால் அவளுக்குப் பரபரப்பு வந்துவிடும். "அவர் வந்துவிடுவார், நான் வீட்டுக்குப் போக வேண்டும்" என்று மஞ்சள் பையில் இரண்டு புடவையை அடைத்துக்கொண்டு வாசலில் நிற்பாள். மாலையில் இந்தத் தவிப்பு அதிகமாவது இந்த நோய்க்காரர்களிடம் சாதாரணமாகக் காணப்படுவது என்கிறார்கள் வைத்தியர்கள்.

பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவன் பெங்களூரில், மகள் கோயம்புத்தூரில். தாழ்ப்பாள் வைக்கச் சொன்னவன் மூத்தவன். கூடாது என்றவள் மகள். தீபாவளிக்கு எல்லோரும் கூடியிருந்தபோது நடந்த சண்டையை நானும் கேட்டேன்.

"அம்மா என்ன மாடா, கட்டிப் போட?" என்றாள் மகள்.

"மாடாக இருந்தால் கவலையே இல்லை. பொழுது சாய்ந்தால் தானே வீடு வந்து சேரும். அம்மாவுக்கு அது தெரியாதே!" என்றான் மூத்தவன்.

இரண்டுமே நல்ல பதில்கள். அதுதான் தொல்லை. மகளிடம் இன்னொரு ஆயுதமும் இருந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால், தெருக்கோடி வீட்டில் ஒரு கிழவியைத் திண்ணைத் தூணோடு சேர்த்துக் கட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு வந்த பெரியம்மா, "எனக்கு இந்தக் கதி வந்தால் என்னைக் கட்டாதேடி, போகிற இடத்துக்குப் போகவிடு" என்று மகள் கையைப் பிடித்துச் சொன்னாளாம். மகளும் சரி என்றிருக்கிறாள்.

அந்த வாக்கு யாருக்குக் கொடுத்தது? புத்தி தெளிவாக இருந்த ஒரு பெண்ணுக்கு. இப்போது வாசலில் நிற்பவளுக்கு அந்த வாக்கைக் கேட்ட நினைவே கிடையாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பயமும், பசியும், வீட்டுக்குப் போக வேண்டும் என்ற ஆசையுமே. முந்தியவள் சொன்ன சொல்லுக்காகப் பிந்தியவளை லாரிகள் ஓடுகிற ஜி.எஸ்.டி. ரோட்டில் விடலாமா? 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், பின்னால் மனநோய் வந்தால் எனக்கு எந்த விதச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்க உரிமை கொடுத்திருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் வாசற்கதவு தாழ்ப்பாளைப் பற்றி எந்தச் சட்டமும் வந்து தீர்ப்புச் சொல்லாது. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், பெரியம்மா பயந்தது தாழ்ப்பாளைக் கண்டல்ல, கயிற்றைக் கண்டு. கயிறு அவமானம். தாழ்ப்பாள், போட்டவள் உள்ளே கூடவே உட்கார்ந்திருக்கும்வரை, அவமானமில்லை. போட்டுவிட்டு வெளியே போய்விட்டால் அதுவும் கயிறுதான்.

மகள் ஒரு தடவை அம்மாவை மாயவரத்துக்கே அழைத்துப் போனாள். பழைய வீடு, அதே முற்றம், அதே துளசி மாடம். பெரியம்மா ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். "நல்ல வீடு. யார் வீடு இது? நேரமாகிறது, வா, நம் வீட்டுக்குப் போகலாம்" என்றாள். மகள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அவள் தேடிய வீடு எந்த ஊரிலும் இல்லை.

இந்த வாதங்களில் யாரும் அபிப்பிராயம் கேட்காத ஓர் ஆள் இருந்தாள்: இளையவன் மனைவி. இரவு இரண்டு மணிக்கு எழுந்து துணி மாற்றியவள் அவள். அவள் கண்டுபிடித்த யுக்தி ஒன்று உண்டு. சாயங்காலம் பெரியம்மா பையோடு கிளம்பினால், "இப்போதுதான் அத்தை பஸ் போயிற்று. அடுத்தது விடியற்காலையில்தான். அதுவரைக்கும் காபி சாப்பிடுங்கள்" என்பாள். பெரியம்மா சமாதானமாகி உட்கார்ந்துவிடுவாள். மகளுக்கு இது பிடிக்கவில்லை. அம்மாவிடம் பொய் சொல்வதாவது! ஆனால் ஜெர்மனியில் டூசல்டார்ஃப் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றின் வாசலில், 2008 வாக்கிலேயே ஒரு பஸ் நிறுத்தம் அமைத்தார்கள். பெஞ்சு உண்டு, பலகை உண்டு. பஸ் மட்டும் வராது. வீட்டுக்குப் போகக் கிளம்பும் கிழவர்கள் அங்கே வந்து உட்காருவார்கள். கொஞ்ச நேரத்தில் எதற்கு வந்தோம் என்பது மறந்துபோகும். யாராவது கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போவார்கள். குரோம்பேட்டைப் பெண்ணுக்கு இதெல்லாம் தெரியாது. அவள் ஒரு பெஞ்சுகூட இல்லாமல் வெறும் காபியிலேயே அதைச் சாதித்தாள். பொய்யையும் வாய்மையின் பந்தியில் உட்கார வைத்த வள்ளுவர் இவளுக்கும் ஓர் இலை போட்டிருப்பார்.

அந்த ஜூன் மாதக் காலையில் காஸ் சிலிண்டர் வந்தது. பணத்தைக் கொடுத்தாள், காலி உருளையை எடுத்துக் கொடுத்தாள், புதியதை அடுக்களைக்கு உருட்டிக்கொண்டு போனாள். மேல் தாழ்ப்பாளைப் போடவில்லை. நாலு நிமிஷம் இருக்கும். தெருமுனைக் கடையின் காமிராவில், மஞ்சள் பையோடு பெரியம்மா ஸ்டேஷன் பக்கம் நடப்பது தெரிகிறது. அதற்கப்புறம் எந்தக் காமிராவிலும் இல்லை.

பிறகு நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. "போலீசுக்குப் போகாதே, ஊர் சிரிக்கும், நாமே தேடலாம்" என்று மூத்தவன் போனில் சொன்னான். அண்ணன் சொல்லைத் தட்டி இளையவனுக்குப் பழக்கமில்லை. அதில் ஆறு மணி நேரம் போயிற்று. இருபத்துநாலு மணி நேரம் காத்திருந்துதான் புகார் கொடுக்க வேண்டும் என்று ஒரு நம்பிக்கை நம் ஜனங்களிடம் இருக்கிறது. அப்படி எந்தச் சட்டமும் இல்லை. இப்படிப்பட்டவர்கள் தாங்கள் தொலைந்துபோனதாகவே நினைப்பதில்லை. அதனால் உதவி கேட்டுக் கூப்பிடமாட்டார்கள். பெயர் சொல்லி அழைத்தாலும் பதில் கொடுக்கமாட்டார்கள். ஏதாவது தடுக்கும்வரை நடந்துகொண்டே இருப்பார்கள். முதல் சில மணி நேரம்தான் பொன்.

எங்கே தேடுவது என்பதிலும் சண்டை. எழும்பூர் என்றாள் மகள். கிளாம்பாக்கம் என்றான் மூத்தவன். தெற்கே போகும் பஸ்கள் 2023 டிசம்பர் கடைசியிலிருந்து அங்கேதானே புறப்படுகின்றன! இளையவன் மட்டும் பாரிமுனைக்கு ஓடினான். பெரியம்மாவுக்குத் தெரிந்த பட்டணத்தில் வெளியூர்ப் பஸ் பாரிமுனையில் நிற்கும். அது 2002ல் கோயம்பேட்டுக்குப் போனதையே அவள் மனசு விட்டுவிட்டது. கிளாம்பாக்கம் எப்படித் தெரியும்? இருபத்திரண்டு வருஷம் முந்திய ஊரில் போய் இளையவன் இரவு முழுக்கத் தேடினான். மூவரிலும் அவன்தான் அம்மாவைச் சரியாக அறிந்தவன் என்று எனக்குப் படுகிறது. அவனுக்கும் அகப்படவில்லை என்பது வேறு விஷயம்.

மறுநாளே விசாரணை ஆரம்பமாயிற்று, போலீஸ் விசாரணையல்ல. தாழ்ப்பாளைத் திறந்து வைத்தது யார்? தாழ்ப்பாளே கூடாது என்று சொன்ன மகள்கூட அந்தக் கேள்வியைக் கேட்டாள். இளையவன் மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜப்பானில் இதே கேள்வி சுப்ரீம் கோர்ட்வரை போயிருக்கிறது. 2007 டிசம்பரில் ஓபு என்ற ஊரில், மறதி நோயுள்ள 91 வயதுக் கிழவர் ஒருவர், 85 வயது மனைவி சற்றுக் கண்ணயர்ந்த நேரத்தில் வெளியேறி, ரயில் பாதையில் இறங்கி அடிபட்டு இறந்தார். ரயில்கள் தாமதமானதற்கு ரயில்வே கம்பெனி குடும்பத்தின்மேல் வழக்குப் போட்டது. அந்த வீட்டிலும் ஒரு கதவு. ஆள் போனால் மணியடிக்கும் கருவி அதில் இருந்தது. அதன் இணைப்பை அணைத்து வைத்திருந்தார்கள். 2013ல் கீழ்க்கோர்ட்டு, மனைவியும் மூத்த மகனும் சுமார் 72 லட்சம் யென் கொடுக்க வேண்டும் என்றது. மேல்கோர்ட்டு மகனை விட்டுவிட்டுக் கிழவியைப் பாதித் தொகை கட்டச் சொன்னது. கடைசியில் 2016 மார்ச் 1ஆம் தேதி சுப்ரீம் கோர்ட், மனைவி என்பதாலோ மகன் என்பதாலோ மட்டும் ஒருவர்மேல் பொறுப்பு வந்துவிடாது, ஒருவரால் உண்மையில் எவ்வளவு காவல் காத்திருக்க முடியும் என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி இருவரையுமே விடுவித்தது. அந்த வீட்டிலும் கிழவரைப் பார்த்துக்கொள்வதற்காகவே தன் ஊரைவிட்டு வந்து பக்கத்தில் குடியிருந்தவள் மூத்த மகனின் மனைவி. எந்த நாடானால் என்ன, மருமகள்தான்.

நீதிபதிகள் எட்டே கால் வருஷத்துக்குப் பிறகு வந்து சேர்ந்த இடத்துக்கு நாம் ஒரு நிமிஷத்தில் வரலாம். மூன்று வருஷத்தில் நாளைக்கு இருபது தடவை போட்ட தாழ்ப்பாளை ஒருத்தி ஒரு தடவை போடவில்லை. அந்த இருபதினாயிரம் தடவையைக் கணக்கில் எடுக்காமல் இந்த ஒன்றை மட்டும் எடுப்பவர்கள், ஒரு தடவைகூட அந்தத் தாழ்ப்பாளைப் போட வேண்டிய அவசியம் நேராதவர்களாகவே இருக்கிறார்கள். தூரத்தில் இருப்பவர்களுக்குப் பாசம் இல்லை என்று நான் சொல்லவில்லை. பாசம் நிறைய இருக்கிறது. போனில் அதைச் சொல்வதைத் தவிர வேறு செலவில்லாததால் மிச்சமும் இருக்கிறது.

இப்போது சண்டை வேறு திசையில் திரும்பியிருக்கிறது. நவம்பரில் பாங்கிக்குக் கொடுக்க வேண்டிய உயிரோடிருக்கும் சான்றிதழ் இல்லாமல் பெரியம்மாவின் குடும்பப் பென்ஷன் நின்றது. மாயவரத்து வீடு அவள் பேரில் இருக்கிறது. பெண்ணின் காலேஜ் படிப்புக்குக் கடன் வாங்கிய மூத்தவனுக்கு அந்த வீட்டை விற்றாக வேண்டும். அது பேராசையல்ல, கஷ்டம். ஏழு வருஷம் ஒருவரைப் பற்றித் தகவலே இல்லையென்றால், உயிரோடு இருப்பதாகச் சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்றது 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் அதே ஏழுதான். கருமம் செய்யப் பன்னிரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும் என்பது பெரியவர்கள் சொல்லும் வழக்கம். மூத்தவனோ, "அம்மா போய்விட்டாள், செய்ய வேண்டியதைச் செய்து அவளைக் கரையேற்றுவோம்" என்கிறான். "நீ எள்ளை இறைத்த அன்றைக்குத்தான் அம்மா சாவாள்" என்கிறாள் மகள்.

அவள் பக்கம் ஒரு சாட்சி உண்டு. 2007 அக்டோபரில் டோக்கியோவில் காணாமற்போன ஒரு பெண்மணி, அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் டடேபயாஷி என்ற ஊரில் அகப்பட்டாள். பெயர் தவறாகப் பதிவானதால் வீட்டுக்குத் தகவல் போகவில்லை. 2014 மே மாதம் டெலிவிஷனில் காட்டியபோதுதான் அவள் கணவர் தெரிந்துகொண்டார். ஏழு வருஷத்துக்குச் சில மாதங்களே குறைவு. அத்தனை காலமும் அவளை ஓர் இல்லத்தில் யாரோ குளிப்பாட்டி, சோறு ஊட்டி, வைத்திருந்தார்கள்.

மாயவரத்து வீட்டை விற்கவில்லை. ஒரு தையற்காரருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். வயதான அம்மாள் யாராவது வந்து நின்றால், உட்கார வைத்து உடனே போன் பண்ண வேண்டும் என்பது மகள் போட்ட நிபந்தனை. தையற்காரர் இரண்டு தடவை போன் செய்தார். இரண்டு தடவையும் வந்தவர்கள் ரவிக்கை தைக்க வந்த கிழவிகள். முதல் தடவை மகள் மட்டும் கோயம்புத்தூரிலிருந்து போனாள். இரண்டாவது தடவை அவள் போய்ச் சேர்ந்தபோது, பெங்களூரிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து இறங்கிய மூத்தவன் திண்ணையில் உட்கார்ந்திருந்தானாம்.