பெயர் பொறித்தலும் நன்றியறிதலும்

போரிற் பட்டாரை நினைந்து கல் நிறுத்துதல் பலநாட்டார்க்கும் பொதுவாகிய வழக்கம். அதனால் இறந்த உயிர்க்கு ஆவதொன்று உண்டோவென வினாவுவாருளர். உயிர் தன் வினைப்பயனையே நுகருமாதலின், பெயரெழுதுதலால் அதற்கு ஆக்கமுமில்லை, எழுதாமையாற் கேடுமில்லை. அற்றேல் அச்செயல் வறிதோவெனின், அன்று. அஃது இருப்பாரது நன்றியறிவை அளக்குங் கோலாமென்பது எமது துணிபு.

முதல் உலகப்போரில் மாண்டாரைப் போற்றுதற்பொருட்டு 1917-ஆம் ஆண்டிற் பிரித்தானியப் பேரரசினர் ஓர் ஆணையத்தை நிறுவினர். பதவி, இனம், சமய வேற்றுமையின்றி எல்லார்க்கும் ஒப்ப நினைவமைத்தலே அதன் கொள்கை. பெல்ஜியத்து ஈப்பர் நகரில் 1927-இல் திறக்கப்பெற்ற மெனின் வாயிலில், கல்லறை அறியப்படாத 54,000-க்கு மேற்பட்டோர் பெயர்கள் பொறிக்கப்பட்டன.

கிழக்காப்பிரிக்காவிலோ அக்கொள்கை நின்றிலது. படைகட்கு உணவும் கருவியும் சுமந்து, நோயாலும் பசியாலும் மாண்ட சுமையாளர் பதினாயிரக்கணக்கினர். நைரோபி முதலிய நகரங்களிற் பொதுச்சிலைகள் எழுந்தன. அவர்தம் பெயர்கள் எழுதப்பட்டில. ஆப்பிரிக்க மக்கள் பெயர்க்கல்லின் அருமையை உணரார் என அந்நாளைய அதிகாரிகள் சிலர் எழுதிவைத்தனர். 2021-இல் அவ்வாணையமே இவற்றை வெளியிட்டு, பெயராலோ எவ்வாற்றானுமோ நினைக்கப்படாதார் 1,16,000-க்குக் குறையார், 3,50,000 வரையும் ஆகலாமெனக் கூறி, மன்னிப்பும் வேண்டிற்று.

சுமந்தவன் உணர்வானோவென ஆராய்தல் முறையோ? அவன் சுமந்ததை உண்டவன் உணர்ந்தானோ என்பதன்றே ஆராயற்பாலது! கடன் கொண்டவன், கொடுத்தவனது தகுதியைக் காட்டிக் கடனை மறுத்தல் நடுவுநிலைமையாகாது. 2025-இற் கேப்டவுன் நகரில் ஊழியப்படையினர் 1,700-க்கு மேற்பட்டோர் பெயர்கள் மரத்தூண்களிற் பொறித்து நிறுத்தப்பட்டன. நூறாண்டு கழியினும் அக்கடன் கழியாதென்பதற்கு இதுவே சான்று.