அறியாமை குற்றமாகுமா?

மன்னார்த் தீவில் வாழ்பவர்க்கு நன்னீரின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. சுற்றிலும் கடல், மணலுக்கடியில், உவர்நீரின்மேல் மெல்லிய படலமாய்த் தங்கிநிற்கும் மழைநீர். இத்தகைய மண்ணில் குழாய்நீர் ஒரு பெரும் பேறு. அண்மையில் வகுப்பிலே நீர்மாசு பற்றிப் பேச்செழுந்தது. "எங்கள் குழாய்த் தண்ணீரைச் சோதிக்கிறார்கள்தானே, சேர்?" என்றாள் ஒரு மாணவி. "ஆம்" என்றேன். "அதில் எதைத் தேடுகிறார்கள்?" என்று அவள் மீண்டும் வினவியபோது என்னிடம் விடை இருக்கவில்லை.

சிந்திக்க வேண்டிய கேள்வி அது. கிருமியைத் தேடும் சோதனை கிருமியையே காட்டும். உப்பைத் தேடும் சோதனை உப்பையே காட்டும். இயந்திரங்களின் எண்ணெய்ப் பிசுக்கை அகற்றப் பயன்படும் கைத்தொழிற் கரைப்பான்களை அவை காட்டமாட்டா. ட்ரைகுளோரோஎதிலீன் என்னும் கரைப்பான் நிறமற்றது. சிறிதளவு கலந்தால் நாவும் மூக்கும் அறியா. ஆயினும் அது புற்றுநோய் விளைவிப்பது. குடிநீரில் லீற்றருக்கு 5 மைக்கிரோகிராம் என்பதே அமெரிக்கா அதற்கு விதித்துள்ள எல்லை. அது விரைவில் ஆவியாவதால், கண்ணாடிக் குப்பியில் காற்றுக் குமிழி ஒன்றும் நில்லாதவாறு நீரை நிரப்பி, குளிரில் வைத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புதல் வேண்டும். தேடத் துணிந்தவனுக்கே அது அகப்படும்.

அகப்பட்டபின்னும் வாய்மூடியிருப்போர் உண்டு. அமெரிக்காவின் வட கரோலினாவிலுள்ள லெஜூன் கடற்படைவீரர் முகாமில், வேறொரு பொருளைத் தேடிய சோதனையே 1980இல் கரைப்பான்களின் சாயலைக் காட்டிற்று. 1982இல் அவை இன்னவையென அடையாளங் காணப்பட்டன. மாசுற்ற கிணறுகளோ 1984இன் இறுதியிலும் 1985இன் தொடக்கத்திலுமே மூடப்பட்டன. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்நீரை அருந்திய தாய்மாரும் குழந்தைகளும் எதனையும் அறியார்.

இது தூரதேசத்துக் கதை மட்டுமன்று. நமது வடபுலத்துச் சுன்னாகத்தில் கிணற்று நீரிலே எண்ணெய் கலந்திருந்தது. நீர் வழங்கல் சபையின் சோதனைகள் அதனைக் காட்டின. மாகாண சபை அமைத்த நிபுணர் குழுவோ ஆபத்தான மாசு இல்லையென 2015இல் கூறியது. ஒரே மண், ஒரே நீர். விடைகள் மட்டும் வேறு. இறுதியில் 2019இல் உயர் நீதிமன்றம், அனல் மின்நிலையத்தை நடத்திய நிறுவனமே நிலத்தடி நீரை மாசுபடுத்தியதெனத் தீர்த்து, 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு பணித்தது. அதுவரை ஐயத்தின் சுமையைச் சுமந்தவர் யார்? வாளியுடன் நின்ற மக்களல்லவா?

"ஆதாரமின்றி மக்களை ஏன் அச்சுறுத்த வேண்டும்? ஏழை நாடு எல்லாவற்றையும் சோதிக்க இயலுமா?" என்பர் சிலர். நியாயமான கேள்வியே. மன்னார்க் குழாயில் நஞ்சு உண்டென்று நான் கூறவில்லை. எல்லாவற்றையும் தேட இயலாதென்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேடியும் காணாமை வேறு. தேடாமையால் காணாமை வேறு. இரண்டையும் "மாசு இல்லை" என்னும் ஒரே சொல்லால் மூடுவது பொய்யாகும். அறிய வழியற்றவனின் அறியாமை பரிதாபத்துக்குரியது. அறியும் கருவியும் கடமையும் உடையவனின் அறியாமை குற்றமே. அதற்கான விலையைப் போத்தல் நீர் வாங்க வசதியுள்ளவன் கொடுப்பதில்லை. பொதுக் குழாயடியில் குடத்துடன் நிற்பவளே கொடுக்கிறாள்.

ஆகவே நாம் கேட்பது பெரிதன்று. எப்பொருளைத் தேடினீர்கள், எதைத் தேடவில்லை, என்ன கண்டீர்கள் என்பதைத் தமிழில் எழுதிக் குழாயடியிலே ஒட்டுங்கள். குடிப்பவனுக்குத் தெரியாத உண்மை, கோப்பில் இருந்தென்ன பயன்?

அம்மாணவியிடம், "எனக்குத் தெரியாது, கேட்டறிவோம்" என்றேன். ஆசிரியன் வகுப்பில் சொல்ல வெட்கப்படும் அச்சொற்களிலிருந்தே அறம் தொடங்குகிறது என எண்ணுகிறேன்.