போதும் என்று சொல்ல நோய் வர வேண்டுமா?

எங்கள் குடும்பத்துப் பந்தியில் "வேண்டாம்" என்று சொல்லும் உரிமை இரண்டு பேருக்குத்தான் உண்டு. ஒருவர் சர்க்கரை நோயாளி, மற்றவர் விரதம் இருப்பவர். சின்ன மாமாவுக்குச் சுகர் வந்த பிறகு, ஜாங்கிரித் தட்டு அவர் இலைப் பக்கம் திரும்பினாலே பக்கத்து இலைக்காரர் முந்திக்கொண்டு தடுத்துவிடுவார்: "அவருக்கு வைக்காதீங்க, சுகர்." சபரிமலைக்கு மாலை போட்டவர் கறி விருந்துக்கு வராமல் இருந்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை. புரட்டாசிச் சனி, கிருத்திகை, சஷ்டி என்று எதைச் சொன்னாலும் மதிப்பு உண்டு. நோய் சொன்னால் கேட்கிறோம், சாமி சொன்னால் கேட்கிறோம். நன்றாக இருக்கிற ஒருவன், நோய் வந்துவிடக் கூடாதே என்பதற்காகவே "போதும்" என்று சொன்னால் மட்டும் அது பிகுவாகத் தெரிகிறது. "பெரிய டயட்டு" என்று ஒரு குரல் வரும். "ஒருநாள் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது" என்று இன்னொரு குரல். அதற்குள் கரண்டி கவிழ்ந்துவிடும்.

இதை நான் யோசிக்கத் தொடங்கியது ஒரு ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு 5.7-க்குக் கீழே இருந்தால் இயல்பு, 6.5-ஐத் தொட்டால் நீரிழிவு. நான் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன். மருத்துவர் மாத்திரை எழுதவில்லை. எடையைக் குறைக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார், சோற்றின் அளவைப் பார்க்கச் சொன்னார். நாடு முழுவதும் நடந்து 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு, நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடி என்றால், என்னைப்போல் நடுவில் நிற்பவர்கள் 13.6 கோடி என்கிறது. நோயாளிகளைவிட நாங்கள்தான் அதிகம். திரும்பிப் போக வழி அதிகம் இருப்பதும் எங்களுக்குத்தான். சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரனின் குழு இப்படிப்பட்டவர்களையே சுமார் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2006-இல் முடிவுகளை வெளியிட்டது. மாத்திரை இல்லாமல், உணவையும் நடையையும் சரிசெய்ததாலேயே நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்திருந்தது. ஆஸ்பத்திரியில் எங்களுக்கு வழி சொல்கிறார்கள். கல்யாண வீட்டில் அந்த வழியை அடைத்துவிடுகிறார்கள், அதுவும் பாசத்தால்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள், மறுவீட்டுச் சாப்பாடு என்றால் சொதி. தேங்காயைத் துருவி ஆட்டி மூன்று பால் எடுப்பார்கள். மூன்றாம் பாலில் முருங்கைக்காய், பீன்ஸ், கேரட், உருளைக்கிழங்கு எல்லாம் வேகும். வெந்த பாசிப்பருப்பும் இரண்டாம் பாலும் அதன்பின் சேரும். கெட்டியான முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, நுரை கட்டி வரும்போதே இறக்கிவிட வேண்டும். கொதிக்க விட்டால் திரிந்துபோகும். சூடு தணிந்த பிறகுதான் எலுமிச்சை பிழிவார்கள். மிளகாய்ப்பொடி கிடையாது. பச்சை மிளகாயும் இஞ்சியும் மட்டும்தான் காரம். பக்கத்தில் இஞ்சிப் பச்சடி கட்டாயம் இருக்கும். இத்தனை தேங்காய்ப்பால் உள்ளே போனால் வயிறு திணறும் என்று தெரிந்தவர்கள்தான் அந்தப் பச்சடியை அங்கே வைத்திருக்கிறார்கள். உலகத்தில் எனக்குப் பிடித்த சாப்பாடு எது என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். எடை குறைக்கிறேன் என்பதற்காக இதை விடப்போவதில்லை. விட வேண்டியதும் இல்லை.

சிக்கல் பந்தியின் அமைப்பில் இருக்கிறது. தனியாகச் சாப்பிடும்போது வயிறு நிறைந்தால் எழுந்துவிடலாம். பந்தியில் வரிசை முழுவதும் முடியும்வரை எழக் கூடாது. வெறுமனே உட்கார்ந்திருக்கவும் விடமாட்டார்கள். இலையில் பச்சை தெரிந்தால் பரிமாறுகிறவருக்குப் பொறுக்காது, அங்கே ஏதாவது விழுந்தாக வேண்டும். வழக்கமான கல்யாணச் சாப்பாட்டில் பருப்புக்கு, சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று ஒவ்வொரு முறையும் புதிதாகச் சோறு விழுகிறது. சமைத்த சோறு 100 கிராமில் ஏறக்குறைய 130 கலோரி. நாலு முறை விழுந்ததைக் கூட்டிப் பார்ப்பவர் யாரும் இல்லை. வயிறு நிறைந்த சேதி மூளைக்குப் போய்ச் சேர இருபது நிமிடம் ஆகும் என்பார்கள். பந்தியே அநேகமாக அவ்வளவு நேரம்தான் நடக்கிறது.

சுவைகள் மாறிக்கொண்டே இருப்பதும் ஒரு காரணம். 1981-இல் பார்பரா ரோல்ஸும் அவருடன் இருந்தவர்களும் காட்டிய விஷயம் இது: ஒரே பண்டத்தைத் தின்னும்போது அதன்மேல் ஆசை சீக்கிரம் அடங்கிவிடுகிறது, ஆனால் வேறு சுவையுள்ள பண்டம் வந்தால் ஆசை மறுபடி எழுகிறது. மோர்ச்சோற்றை உருட்ட முடியாமல் உட்கார்ந்திருப்பவர் பாயசத்தைக் கண்டால் அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக்கொள்வது இதனால்தான். இருபது வகை வைத்த இலையில் ஆசைக்கு இருபது வாசல் திறந்திருக்கிறது. அதில் தடுமாறுபவரை மனவுறுதி இல்லாதவர் என்று சொல்வது அநியாயம்.

வற்புறுத்திப் போடும் கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஆச்சி பிறந்தது சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் மானாவாரிக் காட்டில். கம்பஞ்சோறும் சோளச்சோறும் கூழும் அன்றாடம். நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும், விருந்தாள் வந்தாலும்தான் உண்டு. விருந்தாள் வருவார் என்று கொஞ்சம் அரிசியைப் பானையில் ஒளித்து வைத்திருப்பார்களாம், வீட்டுப் பிள்ளைகள் அழுதாலும் எடுக்கமாட்டார்களாம். 1967 தேர்தலில் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற வாக்குறுதிக்கு அவ்வளவு வேகம் இருந்தது என்றால், வாக்களித்தவர்கள் அரிசிக்கு ஏங்கியவர்கள். அந்த ஏக்கத்தோடு வளர்ந்தவர்கள்தான் இன்றைக்கு எண்பது வயதில் நம் இலைக்கு முன்னால் குனிந்து, "எய்யா, ஒரு கரண்டிதான், ஊத்திக்கோ" என்கிறார்கள். அந்தக் கரண்டியை மறுக்கும்போது அவர்கள் கண்ணில் ஒரு நொடி வருவது கோபம் இல்லை. கொடுக்க இருக்கும்போது வாங்க ஆளில்லாமல் போகிறதே என்ற தவிப்பு.

விருந்து அபூர்வமாக இருந்தவரை அந்த வற்புறுத்தலில் தப்பே கிடையாது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. முகூர்த்த மாதங்களிலும் சொந்தத்தில் எத்தனை வீடு? இன்றைக்கு வளைகாப்பு, காதுகுத்து, புதுமனை புகுவிழா, அறுபதாம் கல்யாணம், பிள்ளையின் பிறந்தநாள், எல்லாவற்றுக்கும் மண்டபமும் இலையும். போதாதென்று முதல்நாள் ரிசப்ஷனில் பஃபே. வீட்டுச் சாப்பாட்டிலும் நெய்க்கும் அரிசிக்கும் பஞ்சமில்லை. "ஒருநாள்தானே" என்பது ஆச்சியின் காலத்துக் கணக்கு. இன்றைக்கு அந்த ஒருநாள் வாராவாரம் வருகிறது.

இதைவிட என்னைச் சங்கடப்படுத்துவது இன்னொன்று. உடம்பு வைத்தால் "என்ன, குண்டாயிட்டே" என்று கூட்டத்துக்கு நடுவில் கேட்பார்கள், கேட்ட வாய் மூடுவதற்குள் இன்னொரு வடை வைப்பார்கள். சரி என்று நாலு கிலோ குறைத்துக்கொண்டு போனால், "ஏன் இப்படி ஒட்டிப்போயிட்டே, சுகரா?" என்று கவலையோடு விசாரிக்கிறார்கள். முயற்சி எடுத்து மெலிந்தவனையும் நோயாளி என்றுதான் பார்க்கத் தெரிகிறது. கல்லூரி போகிற பெண்பிள்ளைகளுக்கு இந்தப் பேச்சு இரண்டு பக்கமும் வெட்டுகிறது. என் தங்கை மகள் விசேஷ வீடுகளுக்கு வருவதையே குறைத்துக்கொண்டாள். அவளுக்குச் சாப்பாடு பயமில்லை, பேச்சுதான் பயம்.

மறுநாள் காலை எடை பார்க்கும் கருவியில் ஏறுபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒன்றரைக் கிலோ ஏறியிருந்தால் அது கொழுப்பாக இருக்க முடியாது. ஒரு கிலோ உடற்கொழுப்புக்கு ஏறக்குறைய 7,700 கலோரி மிஞ்ச வேண்டும். விருந்தில் 1,000 கலோரி மிஞ்சினாலும் 130 கிராம்தான் கணக்கு. மற்றது பெரும்பாலும் உப்பும் மாவுச்சத்தும் பிடித்து வைத்திருக்கும் நீர். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். இது தெரியாமல்தான் பலர், "போச்சு, எல்லாம் போச்சு" என்று அந்த வாரத்தையே கைவிடுகிறார்கள். 1975-இல் ஹெர்மன், மேக் என்ற இரு ஆய்வாளர்கள் சிலருக்கு முதலில் மில்க்‌ஷேக் கொடுத்துவிட்டுப் பிறகு ஐஸ்கிரீம் வைத்துப் பார்த்தார்கள். சாதாரணமாகச் சாப்பிடுபவர்கள் மில்க்‌ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். உணவைக் கட்டுப்படுத்தி வந்தவர்களோ அதிகம் சாப்பிட்டார்கள். கட்டு ஒருமுறை அறுந்ததும் அணை முழுவதும் போனதாக மனசு எடுத்துக்கொள்கிறது. அதனால் விருந்தில் கூடப் போன அந்த ஒரு ஜாங்கிரியைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. அன்று ராத்திரி என்ன சாப்பிடுகிறேன், தாம்பூலப் பையில் வந்த லட்டு யாருக்குப் போகிறது, விசேஷ வீட்டிலிருந்து தூக்கில் கொடுத்தனுப்பிய மிச்சம் எத்தனை நாள் ஃபிரிட்ஜில் இருக்கிறது என்பதையே பார்க்கிறேன்.

பந்தியிலும் சில வழக்கங்கள் வைத்துக்கொண்டிருக்கிறேன். வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு போவதில்லை. கிளம்புமுன் ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு டம்ளர் மோர். இலை போட்டதும் கூட்டு, பொரியலில் கை வைப்பேன், ஆனால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டே கடைசிவரை போவேன். இலையில் பச்சை தெரியாதவரை பரிமாறுகிறவர் கடந்துபோய்விடுவார். "பாதி போதும்" என்பதைச் சோற்றுக் கரண்டி வாளியை விட்டுக் கிளம்புமுன்னே சொல்ல வேண்டும். சோறு இலையில் விழுந்த பிறகு சொன்னால் வீணாக்குவதாகிவிடும், அது எனக்கும் பிடிக்காது. சொதி விருந்தில் சொதியை மட்டும் ஆற அமரச் சாப்பிடுவேன், உருளைக்கிழங்கு சிப்ஸை விட்டுவிடுவேன். முடிந்தால் முதல் பந்தியில் வாளியைத் தூக்கிப் பரிமாறப் போய்விடுவேன். யார் வந்திருக்கிறார்கள், யாருக்கு முட்டி வலி, யார் பேரன் என்ன படிக்கிறான் என்பதெல்லாம் வாளியோடு நடப்பவனுக்குத்தான் தெரியும்.

சொதி ஊற்ற வந்த சின்ன அத்தையிடம் ஒருமுறை காரணத்தை அப்படியே சொல்லிவிட்டேன். "டயட்" என்ற பேச்சே எடுக்கவில்லை. "சுகர் வந்துரக் கூடாதுன்னு பாக்கேன் அத்தை." சின்ன மாமாவுக்குச் சர்க்கரையால் கால் விரல் எடுத்த வீடு அது. அத்தை ஒன்றும் பேசாமல் கரண்டியை வாளிக்குள் திரும்ப வைத்தாள். பிறகு, "அப்ப பெறத்தால வந்து கொஞ்ச நேரம் உக்காரு, பேசணும்" என்றாள். சாப்பாடு முடிந்து பின்வாசலில் அவளோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மாமாவின் மருந்துச் செலவு, மருமகளோடு சின்ன மனத்தாங்கல், வயலை விற்கலாமா என்ற யோசனை எல்லாம் வந்தன. அந்தக் கரண்டிச் சொதிக்குள் அவள் எனக்குத் தர நினைத்தது எவ்வளவோ இருந்திருக்கிறது. வந்தான், சாப்பிட்டான், போய்விட்டான் என்று எங்களைப் பற்றிக் குறைப்படும் பெரியவர்களுக்கு நேரத்தைக் கொடுத்தால், நாம் சாப்பிடும் அளவைப் பற்றி அவர்கள் அவ்வளவு கவலைப்படுவதில்லை.

நோய் வராதவர்களுக்கும் மறுக்கும் உரிமை வேண்டுமென்றால், பரிமாறுகிற கைகளும் மாற வேண்டும். பொங்கலுக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் கூடியபோது இதைப் பேசினோம். சோற்றை மேசையில் வைத்துவிடலாம், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்றேன். பெரியப்பாவுக்கு அது ஆகவே இல்லை. "பந்தி என்ன ஹோட்டலா? கை பாத்துப் போடணும், கேட்டுப் போடணும்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவருடைய பேச்சிலிருந்தே ஒரு வழி கிடைத்தது: பரிமாறுவது கையால்தான், ஆனால் ஒரு தடவை கேட்பது, இல்லை என்றால் நகர்ந்துவிடுவது. இலையின் மேல்பாதியில் காய்கறியைத் தாராளமாக வைப்பது. எடையைப் பற்றியோ உடம்பைப் பற்றியோ யாரும் யாரிடமும் பேசுவதில்லை, முக்கியமாகப் பிள்ளைகளிடம். அடுக்களையில் நிற்கும் பெண்கள் கடைசியில் ஆறிய சோற்றையும் பிள்ளைகள் மிச்சம் வைத்ததையும் நின்றுகொண்டே தின்கிற பழக்கத்தையும் விட வேண்டும் என்று தங்கை சேர்த்துக்கொண்டாள். அது என் மூளைக்கு எட்டாத விஷயம். முதல் பந்தியிலேயே அவர்களும் உட்கார வேண்டும், ஆண்கள் வாளி தூக்க வேண்டும் என்று முடிவானது.

ஆச்சி மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. அவள் இன்னும் இரண்டாம் கரண்டியோடுதான் வருகிறாள். அவளிடம் நான் வாதாடுவதில்லை. அவள் ஊற்றுவதை வாங்கிக்கொண்டு ராத்திரிக்கு மோரோடு நிறுத்திக்கொள்கிறேன். சித்திரையில் தங்கை வீட்டுக் காதுகுத்துக்கு எல்லோரும் கூடுகிறோம். முதல் பந்திக்கு வாளி தூக்க நானும் அத்தானும் ஒத்துக்கொண்டிருக்கிறோம், தங்கை மகளும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.