காட்சியும் கடனும்

1974ஆம் ஆண்டில் கோலாலம்பூர் தேசியப் பொருட்காட்சிச்சாலைக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு விருந்தாளி வந்து சேர்ந்தது. 42 அடி நீளமுள்ள திமிங்கல எலும்புக்கூடு அது. 1892இல் மலாக்காவை அடுத்த கரையில் ஒதுங்கிய அவ்வுயிரின் எலும்புகள் சிங்கப்பூர் கொண்டு செல்லப்பட்டு, 1907 முதல் அங்குள்ள இராஃபிள்ஸ் பொருட்காட்சிச்சாலையில் காட்சிப் பொருளாயின. பிரிக்பீல்ட்ஸ்வாசிகள் நடந்தே சென்று காணக்கூடிய தொலைவுக்கு அது வந்ததும் உண்டு. பின்னாளில் லாபுவானுக்குப் பெயர்ந்து சென்றதும் உண்டு.

அவ்வெலும்புகளை அண்ணாந்து பார்த்தவர் எவருக்கும் மனம் உறுத்தியிருக்க நியாயமில்லை. இறந்துபட்ட உயிருக்குக் காண்பவனால் விளையக்கூடிய தீங்கு ஏது? ஆயின், உயிரோடு உலவும் திமிங்கலத்தை அதன் கடலுக்கே சென்று காணலாம் என்னும் நிலை வந்தபோது, எளிதாகத் தோன்றிய ஒன்று எளிதன்று என்பது புலனாகிறது. காண்பது என்பது தீங்கற்ற செயல்தானா?

கதிர்காமத்து முருகனைத் தரிசிக்க இலங்கை செல்லும் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர், காலியிலிருந்து மாத்தறை நோக்கிச் செல்லும் தென்கரைச் சாலையில் மிரிஸ்ஸ என்னும் மீனவர் ஊரைக் கடக்கின்றனர். கரையை ஒட்டிய ஆழமற்ற கடற்பரப்பு அங்கு மிகக் குறுகியது. சில மைல் தொலைவிலேயே ஆழ்கடல் தொடங்கிவிடுவதால், உலகின் மிகப்பெரிய உயிராகிய நீலத்திமிங்கலம் அங்கே கரைக்கு அண்மையில் வருகிறது. ஏனைய கடல்களில் நீலத்திமிங்கலங்கள் குளிர்ந்த துருவ நீருக்குச் சென்று இரைதேடும். இவையோ ஆண்டு முழுதும் இவ்வெப்பக் கடலிலேயே தங்குவன. அத்துணைப் பெரிய உடலுக்கு உணவு, பெலாச்சான் இடிக்கப் பயன்படும் கூனி இறாலை ஒத்த சிற்றுயிர்களே.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை, விடியற்பொழுதில் மிரிஸ்ஸத் துறைமுகத்திலிருந்து படகுகள் புறப்படுகின்றன. மிதவைச் சட்டை அணிந்த பயணிகள் தலைசுற்றலோடு போராடியவாறு தொடுவானத்தையே நோக்கியிருக்கின்றனர். திடீரென வெண்புகை போல் ஒரு மூச்சு எழுகிறது. எல்லாப் படகுகளும் அத்திசைக்கே திரும்புகின்றன. நீண்டு ஈரமாய்ச் சாம்பல் படர்ந்த நீலமாய் ஒரு முதுகு தோன்றுகிறது, சில முறை மூச்செறிகிறது, வால் உயர்கிறது, மறைகிறது. காட்சி அவ்வளவே. 100 மீட்டருக்கு உட்பட நெருங்கலாகாது என்று 2012இல் அரசு விதி வகுத்திருக்கிறது. என்றாலும், மூச்சு வாங்க மேலே வந்த உயிரைச் சுற்றிப் படகுகள் மொய்க்கும் நாள்கள் உண்டு.

படகோட்டியைக் குறை கூறுவது எளிது. ஆனால் அவனை விரட்டுவது அவன் முதுகுக்குப் பின்னே எழும் குரல். "பணம் கொடுத்தோமே, எங்கே திமிங்கலம்?" என்னும் அக்குரலுக்குத்தான் அவன் விசையை முடுக்குகிறான். இதே பயணி தன் ஊரில் ஸ்காட் சாலைக் கந்தசாமி கோயிலுக்குச் செல்கிறான். சந்நிதியில் திரையிட்டிருந்தால் கைகட்டிக் காத்து நிற்கிறான். குருக்களிடம் சினம் கொள்வதில்லை. அர்ச்சனைச் சீட்டின் விலையைத் திருப்பிக் கேட்பதுமில்லை. திரை விலகுவது தன் உரிமையன்று என்பது அங்கு அவனுக்குத் தெரிந்தே இருக்கிறது. கடலுக்கு வந்ததும் அந்த அறிவு எங்கே போயிற்று?

இதனாலேயே, போகாதிருப்பதே அறம் என்பார் உளர். அவ்வுயிரை அதன் போக்கில் விட்டுவிடுதலே உண்மையான அன்பு என்பது அவர் வாதம். கேட்பதற்கு அது தூய்மையாகவே இருக்கிறது. திருகோணமலைக் கடலை எண்ணும்போதுதான் அத்தூய்மை சற்றுக் கலங்குகிறது. 1980களின் தொடக்கத்தில் ஆய்வாளர் அங்கே தங்கித் திமிங்கலங்களை ஆராய்ந்தனர். 1983இல் மூண்ட போர் 2009 வரை நீடித்தது. அக்காலத்தில் காண வருவோர் தொல்லை அக்கடலில் இல்லை. ஆனால், கடலுக்குச் செல்லத் தடைவிதிக்கப்பட்ட மீனவன் வெற்று வலையோடு கரையில் அமர்ந்திருந்த காலமும் அதுவே. பிரிக்பீல்ட்ஸ் இல்லங்கள் பலவற்றுக்கு அக்கரையில் உறவினர் இருந்தனர். மனிதரை விலக்கிவைத்த கடலெல்லாம் அறம் நிலவிய கடலாகிவிடாது.

அதனினும் பெரிய தடை ஒன்று அவ்வாதத்துக்கு உண்டு. போகாமல் வீட்டிலிருப்பவனுக்கும் திமிங்கலத்துக்கும் தொடர்பில்லை என்று அது கருதிக்கொள்கிறது. தொடர்பு உண்டு, அது கிள்ளானிலேயே தொடங்குகிறது.

1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்னும் பெயரில் திறக்கப்பட்டு, 1972இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாறிய அந்தத் துறையைத் தமிழருக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 'ரஜூலா' கப்பலின் மேல்தளத்தில் மூட்டையோடு மூட்டையாய் வந்து இறங்கியவர் பலர். அத்துறையில் சுமை தூக்கி முதுகு வளைந்தவர் பலர். அவர்களுக்குக் கடல் ஒரு காட்சியன்று. கடந்து தீர வேண்டிய ஒன்று. வழியில் திமிங்கலம் எழுந்திருந்தாலும் பார்த்து மகிழும் நெஞ்சு எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? இன்று அதே துறை, உலகின் பெருஞ்சரக்குத் துறைமுகங்களுள் ஒன்று. ரப்பர் கையுறையும் செம்பனை எண்ணெய்ப் பொருள்களும் இரும்புப் பெட்டிகளில் அடைபட்டு மேற்கே செல்கின்றன. மலாக்கா நீரிணையைக் கடந்து சூயஸ் நோக்கிச் செல்லும் கப்பல்களின் வழி, இலங்கையின் தென்முனையாகிய தேவேந்திரமுனையை ஒட்டியது. மிரிஸ்ஸவிலிருந்து புறப்படும் படகுகளுக்குத் தொடுவானில் வரிசையாய்த் தெரிபவை அவையே. திமிங்கலம் இரைதேடும் நீரும் அதுவே.

2012 மார்ச்சில் கொழும்புத் துறைமுகத்துக்குள் நுழைந்த சரக்குக் கப்பல் ஒன்றின் முகப்பில், நீலத்திமிங்கலம் ஒன்று குறுக்கே மடிந்து கிடந்தது. மோதிக் கொன்ற கப்பலே அதனைத் துறைமுகம்வரை சுமந்து வந்திருந்தது. பெருங்கப்பலில் இருப்போருக்கு அத்தகைய மோதல் உணரப்படாமலே போகக்கூடும். கொன்றவரிடம் பகையில்லை, வேட்கையில்லை, அறிதலும் இல்லை. சுறாவைப் பிடித்த பரதவர் அதன் கொம்பை நட்டு வழிபட்டதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. எடுத்தவர் எடுத்ததை அறிந்திருந்தார். இங்கோ எடுத்தவரே இல்லை. இழந்த உயிர் மட்டும் இருக்கிறது.

இத்தகைய கொலைக்கு யாரைப் பொறுப்பாக்குவது? புலால் மறுத்தலைப் பேசிய வள்ளுவர், விலை கொடுத்து வாங்குவோனையும் குற்றத்தில் பங்காளியாக்கினார். ஆயினும் புலாலை வாங்குவோன் தன் கையில் இருப்பது இன்னதென்று அறிவான். கையுறை செய்யும் கிள்ளான் தொழிலாளியும், ஐரோப்பியப் பால்மாவைக் கடையில் வாங்கும் பிரிக்பீல்ட்ஸ் இல்லத்தரசியும் எதனை அறிவர்? அறியாதவரைக் குற்றவாளி என்பது அறமாகாது. அறியாமையோ, ஒருவர் ஒருமுறை கண்டுவிட்ட பின்னர் நீடிப்பதில்லை.

காட்சியின் மதிப்பும் சுமையும் ஈண்டுதான் உள்ளன. படகில் நின்று அந்த மூச்சைக் கேட்டவன், அதன் பின்னணியில் அசைந்து செல்லும் கப்பலையும் காண்கிறான். அதற்கு முன் அவன் கடன்பட்டவன்தான். ஆனால் கணக்கை அறியாதவன். இப்போது கணக்கு அவன் கைக்கு வந்துவிட்டது. புகைப்படத்தை உறவினருக்குக் காட்டிவிட்டு அக்கணக்கை மறந்துவிடுவோரே பலர் என்பது உண்மை. அவர்களைப் பொறுத்தவரை, அப்பயணம் படகுகளின் இரைச்சலை இன்னும் ஒரு பங்கு கூட்டியது, அவ்வளவே. எல்லாரும் அவ்வாறு மறக்கவில்லை என்பதற்கும் சான்று உண்டு. இலங்கையின் கடலுயிர் ஆய்வாளர் ஆஷா டி வோஸ் போன்றோர் ஆண்டுக்கணக்கில் அக்கடலுக்குச் சென்று கண்டனர், எண்ணினர், மாண்டவற்றைக் குறித்தனர், கப்பல் வழியைத் தெற்கே தள்ள வேண்டும் என்ற கோரிக்கை வலுப்பெற்றது. 2022இல் மெடிட்டரேனியன் ஷிப்பிங் கம்பெனி அப்பகுதியில் தன் கப்பல்களின் வழியை ஏறத்தாழ 15 கடல் மைல் தெற்கே நகர்த்தியது. பயணத்தில் அதனால் கூடும் தொலைவு சிறிதே. எவரும் சென்று காணாதிருந்தால், அந்தச் சிறு தொலைவைக் கேட்கும் வாயும் இருந்திராது.

மாலை வேளைகளில் கிள்ளான் துறைமுகத்தை அடுத்த தஞ்சோங் ஹராப்பானில் குடும்பங்கள் காற்று வாங்க அமர்கின்றன. சிறுவர் வறுத்த மீனைத் தின்றவாறு, நீரிணையை நோக்கிச் செல்லும் கப்பலின் பெட்டிகளை எண்ணுகின்றனர். எண்ணிக்கை தவறி மீண்டும் தொடங்குகின்றனர். மூன்று நான்கு நாள்களில் அக்கப்பல் தேவேந்திரமுனைக்குத் தெற்கே சென்றுகொண்டிருக்கும்.