யாருடைய நேரம்?

"நேரமே கிடைப்பதில்லை" என்ற பேச்சைக் கேட்காத நாளில்லை. அலுவலகத்தில் இருப்பவருக்கு வீட்டை நினைக்க நேரமில்லை. வீட்டுக்கு வந்தவருக்குக் குழந்தையின் பாடநூலைப் பிரித்துப் பார்க்க நேரமில்லை. இதற்கு மருந்து சொல்லும் நூல்கள் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. விடியுமுன் எழுந்திருங்கள், செய்ய வேண்டியவற்றைப் பட்டியல் போடுங்கள், வீண் பேச்சைக் குறையுங்கள் என்று அவை கூறுகின்றன. எல்லாம் நல்ல அறிவுரைகளே. ஆயினும் ஒரு கேள்வியை மட்டும் அவை கேட்பதில்லை. நாம் மிச்சப்படுத்துகிற அந்த ஒரு மணி நேரம் யாருடையது?

நேரத்தைத் தனிச்சொத்து என்று நாம் எண்ணுகிறோம். எனக்கு 24 மணி, உங்களுக்கு 24 மணி. அவரவர் சாமர்த்தியம்போல் செலவழித்துக் கொள்ளலாம் என்பது நம் கணக்கு. தனியாக வாழ்கிறவனுக்கு இது பொருந்தலாம். குடும்பத்துக்குப் பொருந்தாது. ஒரு வீட்டில் செய்தே தீர வேண்டிய வேலை என்று ஒன்று இருக்கிறது. ஒருவர் அதைச் செய்யாமல் விட்டால் அது மறைந்து போவதில்லை. மற்றொருவர் கைக்குப் போய்ச் சேருகிறது.

காலை எட்டு மணிக்குத் தாம்பரத்தில் மின்சார ரயிலைப் பிடிக்க வேண்டிய ஒருவரை எண்ணிப் பாருங்கள். ஒழுங்கானவர். ஐந்தரைக்கு எழுகிறார், அரை மணி நடக்கிறார், செய்தித்தாள் படிக்கிறார், குளித்து, ஏழேகாலுக்குச் சாப்பிட்டு, குறித்த நேரத்தில் புறப்படுகிறார். "நேரத்தின் அருமை தெரிந்தவர்" என்று தெரு முழுதும் அவரைப் புகழ்கிறது. அவர் வீட்டு அம்மாளும் வேலைக்குப் போகிறவர்தான். அதே நேரத்துக்குள் பாலைக் காய்ச்சி, இட்லி ஊற்றி, மூன்று டிபன் டப்பாக்களைக் கட்டி, பெண்ணுக்குத் தலைவாரிப் பின்னி, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு ஓட்டமும் நடையுமாக ரயிலடிக்குப் போகிறார். அவரை யாரும் புகழ்வதில்லை. "இவளுக்கு எப்போதும் பரபரப்புத்தான்" என்கிறார்கள். கணவரின் ஒழுங்கு மனைவியின் பரபரப்பில் விளைந்தது என்பதை அந்த வீட்டில் ஒருவரும் கவனிப்பதில்லை.

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை அன்று. மத்திய அரசின் புள்ளியியல் துறை 2019-ல் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டைக் கணக்கெடுத்தது. கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் சராசரியாக நாளொன்றுக்கு 299 நிமிடங்களை அதில் செலவிட்டார்கள். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடங்கள். 2024-ல் மறுபடி கணக்கெடுத்தபோது பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. இருவருக்கும் வேலை சற்றுக் குறைந்திருக்கிறது, மகிழ்ச்சிதான். ஆனால் இருவருக்கும் இடையே இருந்த 202 நிமிட இடைவெளி, ஐந்தாண்டுகளில் 201 ஆயிற்று. ஒரே ஒரு நிமிடம்! அந்த 88 நிமிடமும் வீட்டு வேலையில் கை வைத்த ஆண்களின் சராசரி என்பதை மறந்துவிடக் கூடாது. கை வைக்காதவர்களே அதிகம்.

இயந்திரங்கள் வந்துவிட்டனவே என்று சிலர் சொல்லக்கூடும். வந்தன. அம்மியும் ஆட்டுரலும் ஒதுங்கின. 2011-ல் தமிழக அரசே மிக்சியும் கிரைண்டரும் விலையின்றி வழங்கத் தொடங்கியது. கையின் வலி குறைந்தது உண்மை. ஆனால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் இட்லி கண்ட வீடுகள் இப்போது தினமும் இட்லி கேட்கின்றன. இயந்திரம் கொடுத்த நேரத்தை நம் நாக்கு எடுத்துக் கொண்டது.

மாலைப்பொழுதையும் பார்ப்போம். உழைக்கிறவனுக்கு மாலை என்று ஒன்று சும்மா வந்துவிடவில்லை. எட்டு மணி நேர வேலை கேட்டு 1886-ல் சிகாகோவில் தொழிலாளர்கள் உயிர் கொடுத்தார்கள். 1923 மே முதல் நாள் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். 1948-ன் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி என்று எல்லை கட்டியது. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடம் தரும் மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. மே தினத்தன்றே அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிப்பு வந்தது. இத்தனை பாடுபட்டுப் பெற்ற மாலை அது.

அந்த மாலையை நம் முன்னோர் முல்லைத் திணைக்கு உரியதாக வைத்தார்கள். வினை முடித்துத் தலைவன் திரும்பும் பொழுது. தலைவி காத்திருக்கும் பொழுது. இன்று காத்திருக்க ஆளில்லை. இருவரும் ஒரே ரயிலில் திரும்புகிறார்கள். செருப்பைக் கழற்றியதும் ஒருவர் நாற்காலிக்குப் போகிறார். மற்றவர் அடுப்புக்குப் போகிறார். எட்டு மணி நேரத்துக்குப் பின் அடிக்கும் ஆலைச் சங்கு, அடுக்களைக்கு இன்னும் கேட்கவில்லை.

"நான் வீட்டில் உதவி செய்கிறேனே" என்று சொல்லும் நல்லவர்களும் உண்டு. அந்தச் சொல்லிலேயே ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. பிறர் வேலையில் கை கொடுப்பதைத்தான் உதவி என்கிறோம். தன் வேட்டியைத் தான் துவைப்பதும், தன் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதும் யாருக்கு உதவி? அன்றியும், சொன்னதைச் செய்து முடிப்பது பாதி வேலைதான். பால் தீர்ந்ததை, பள்ளிக்கூடக் கட்டணம் கட்ட வேண்டிய நாளை, இரவில் குழந்தை இருமியதை நினைவில் வைத்திருப்பது மற்றொரு பாதி. அந்த நினைவுக்கு ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை இல்லை.

உழைத்துக் களைத்து வருகிறவன் சற்றே ஓய்ந்திருக்கக் கூடாதா என்று கேட்கலாம். இருக்க வேண்டும். மேலதிகாரியின் அழைப்பு கைப்பேசி வழியே படுக்கையறை வரைக்கும் துரத்தி வரும் காலம் இது. ஆனால் களைப்புக்கு ஓய்வு நியாயமென்றால், அந்த நியாயம் ஒரே களைப்போடு வந்த இருவருக்கும் பொது. வேலைக்கு வேறொரு பெண்ணை அமர்த்திவிட்டாலும் கேள்வி தீர்ந்துவிடாது. அவள் வீட்டில் அவள் பிள்ளைக்குத் தலைவாரிவிடுவது யார்?

நியாயத்தை விட்டுவிட்டு, நமக்கு வரும் நஷ்டத்தை மட்டும் பார்த்தாலும் போதும். "எல்லாம் ரிடையர் ஆன பிறகு பார்த்துக் கொள்ளலாம்" என்று தள்ளிப் போட்டவர்கள் பலர். ஒரு நாள் மாலையும் சால்வையும் போட்டு, சில இடங்களில் ஒரு கடிகாரமும் கொடுத்து, வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இப்போது நேரம் நிறைய இருக்கிறது. ஆனால் சர்க்கரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியவில்லை. மகன் தாயிடம் பத்து நிமிடம் பேசிவிட்டு, "அப்பா சௌக்கியமா?" என்பதோடு தந்தையிடம் முடித்துக் கொள்கிறான். இது நன்றிகெட்டதனம் அன்று. சோறூட்டிய கையோடும், காய்ச்சலில் விழித்திருந்த கண்ணோடும்தான் உறவு வளர்கிறது. அந்த நேரங்களைப் பிறரிடம் தள்ளிவிட்டவர், முப்பது ஆண்டுகள் சொந்த வீட்டில் விருந்தாளியாக இருந்திருக்கிறார்.

ஆகவே, நேரத்தை மிச்சப்படுத்தியதாக மகிழும்போதெல்லாம் ஒரு கணம் நின்று, அதைக் கொடுத்தது யார் என்று கேட்டுக் கொள்வது நல்லது. கொடுத்தவர் பக்கத்து அறையில்தான் இருப்பார். கடனைத் திருப்பித் தர இன்று மாலையே போதும்.