சம்பளச் சீட்டு தகுதிச் சான்று ஆகுமா?

2023 பிப்ரவரியில் விப்ரோ நிறுவனம், வேலைக்குத் தேர்வாகி அழைப்புக்காகக் காத்திருந்த புதிய பட்டதாரிகளுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. ஆண்டுக்கு 6.5 லட்சம் ரூபாய் என்று சொல்லித் தேர்ந்தெடுத்தவர்களிடம், 3.5 லட்சத்துக்கு வரச் சம்மதமா என்று கேட்டது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில், பொறியியல் படிக்காத பட்டதாரிகளுக்குக் காக்னிசன்ட் அறிவித்த 2.52 லட்சம் ஊர் வாயில் விழுந்தது. மாதத்துக்கு 21,000 ரூபாய். கொதித்தவர்கள் சில நாளில் ஓய்ந்தார்கள். அந்தச் சம்பளத்தில் சேர்ந்த பிள்ளைகளுக்கு அது அத்துடன் முடிவதில்லை. மூன்றாண்டு கழித்து வேறு நிறுவனத்தின் வாசலில் நின்றாலும் முதல் கேள்வி அதைப் பற்றித்தான்: “கரண்ட் சிடிசி எவ்வளவு?” அதாவது, இப்போது வாங்கும் ஆண்டுச் சம்பளம் எவ்வளவு?

சந்தை நிலவரத்தைவிடக் குறைவாக வாங்குகிறவர், புதிய வேலைக்குப் பேசும்போது பழைய சம்பளத்தை ஒதுக்கிவிட்டு, வேலைக்கு உரிய ஊதியத்தைக் கேட்கலாமா? கேட்கலாம். கேட்பதே அறம். அது பேராசை என்று பிள்ளைகளை அடக்கும் பெற்றோரும், அப்படிக் கேட்பவரைத் திமிர் பிடித்தவர் என்று முத்திரை குத்தும் அதிகாரியும் இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

பனமரத்துப்பட்டியில் அரளி பறித்துச் சேலம் பூ மார்க்கெட்டுக்கு அனுப்பும் விவசாயியிடம், போன வாரம் என்ன விலைக்குப் போட்டாய், அதற்கு மேல் முப்பது சதவீதம் தருகிறேன் என்று எந்த வியாபாரியும் பேசுவதில்லை. அன்றைய வரத்தும் தேவையும்தான் விலை. ஆயுத பூஜைக்கு ஏறும், அடுத்த வாரம் இறங்கும். அந்த விவசாயியின் மகள் கணினி படித்து வேலைக்குப் போனால் மட்டும் இந்த நியாயம் ஏன் மாறுகிறது?

கணக்கைப் பாருங்கள். ஒரே வேலை, ஒரே அனுபவம். ஒருவருக்கு 3.6 லட்சம், மற்றவருக்கு 6 லட்சம். வேலை மாறும்போது பழைய சம்பளத்தின் மேல் இருவருக்கும் முப்பது சதவீத ஹைக் கொடுத்தால் 4.68, 7.8 என்று ஆகும். 2.4 லட்சமாக இருந்த இடைவெளி 3.12 லட்சம் ஆகிவிடுகிறது. எல்லாருக்கும் ஒரே சதவீதம் என்பது பார்வைக்கு நடுநிலை. உள்ளே முதல் நாள் நடந்த அநீதி வட்டி போட்டு வளர்கிறது. கிராமத்திலிருந்து முதல் தலைமுறையாகப் படித்து வந்து, கிடைத்ததை வாங்கிக்கொண்ட பிள்ளைகளே இதில் அதிகம் அடிபடுகிறார்கள்.

நம் முன்னோர் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை ஆண்ட அதியமான் தம்மைக் காணாமலே அனுப்பிய பரிசிலை ஏற்க மறுத்தார் சங்கப் புலவர் பெருஞ்சித்திரனார். பெறுபவரின் தகுதியை அளந்து கொடுத்தால் தினையளவும் இனியது என்பது புறநானூற்றில் அவர் வாதம். அதே அதியமான் பரிசில் தராமல் காலம் கடத்தியபோது, கற்றவர்க்கு உலகம் குறுகிவிடவில்லை என்று வாயிற்காவலனிடமே சொன்னார் ஔவையார். இருவரும் வறுமை அறிந்தவர்கள். இருவரையும் பேராசைக்காரர் என்று தமிழ் சொன்னதில்லை. அளவுக்கு மேல் கொள்ளாமலும் குறைத்துக் கொடுக்காமலும் வணிகம் செய்தவர்களைப் பட்டினப்பாலை போற்றுகிறது. பிறர் பொருளையும் தம் பொருள்போலக் கருதுவதே வணிகம் என்று நடுவு நிலைமை அதிகாரத்தை முடிக்கிறார் வள்ளுவர். உழைப்பும் பிறர் பொருள்தானே?

பழைய நிறுவனம் வேலை கற்றுக்கொடுத்ததே, அந்த நன்றி எங்கே என்று கேட்பார்கள். நன்றி வேண்டும்தான். ஒப்புக்கொண்ட நோட்டீஸ் காலத்தை முழுதும் வேலை செய்து, பொறுப்பை ஒழுங்காக ஒப்படைத்தால் அது தீரும். வாழ்நாள் முழுதும் குறைவாக வாங்கித் தீர்க்கும் கடன் அல்ல அது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பொய் கூடாது. சம்பளச் சீட்டைத் திருத்துவது, 4 லட்சத்தை 7 லட்சம் என்பது, இவை வருங்கால வைப்புநிதிக் கணக்கிலும் படிவம் 16-லும் பிடிபடும் என்பதற்காக அல்ல, பொய் என்பதாலேயே தவறு. “பழைய சம்பளத்தைச் சொல்ல விரும்பவில்லை, இந்த வேலைக்கு நான் எதிர்பார்ப்பது இவ்வளவு” என்பதில் பொய் இல்லை. சொல்லியே தீர வேண்டும் என்றால் உள்ளதைச் சொல்லி, “அது குறைவு, மாறுவதற்கே அதுதான் காரணம்” என்று முகம் பார்த்துப் பேசலாம். இதில் கூசுவதற்கு எதுவும் இல்லை.

ஆனால் பேச்சுத் திறமையை நம்பி ஒருவர் நியாயம் பெறும் நிலையே பிழை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ், கலிபோர்னியா மாநிலங்களில், வேலை தேடுபவரிடம் பழைய சம்பளத்தைக் கேட்பதற்கு 2018 முதல் சட்டம் தடை போட்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் அதே வழியில் ஆணை பிறப்பித்தது. இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. டிஎன்பிஎஸ்சி அறிவிக்கையில் ஒவ்வொரு பதவிக்கும் சம்பள நிலை அச்சாகியே வருகிறது. தனியார் நிறுவனங்களும் விளம்பரத்திலேயே ஊதியத்தைப் போடட்டும். கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டைக் கொண்டு வா என்ற நிபந்தனையை எடுத்துவிடட்டும்.