என் வண்டி தப்பிச்சுது, அண்ணன் வண்டி போச்சு: யாருக்கு நன்றி சொல்றது?



இன்னைக்கு ஒரு பைக் கதை. ரொம்ப நாளா மனசுல உறுத்திக்கிட்டு இருக்கிற ஒரு கேள்வியும் அதுக்குள்ள இருக்கு.

என் வண்டி அப்பா ஓட்டின பழைய வண்டி. எனக்குச் சென்னையில் வேலை கிடைச்சதும் மதுரையிலிருந்து ரயில்ல பார்சல் போட்டு அனுப்பினார். டேங்க்ல 'வேலும் மயிலும் துணை'ன்னு ஒரு ஸ்டிக்கர். அதுவும் அவர் ஒட்டினதுதான்.

மேடவாக்கம் பக்கத்துல வாடகை வீடு. பார்க்கிங் கிடையாது, தெருவுலதான் வண்டி நிக்கும். என் வண்டிக்குப் பக்கத்துல மாடி வீட்டு அண்ணன் வண்டி. அவருக்குச் சாப்பாடு டெலிவரி வேலை. நமக்கு லேப்டாப் எப்படியோ அவருக்கு வண்டி அப்படி. தவணை இன்னும் 14 மாசம் பாக்கி இருந்தது.

அடுத்த தெருவுல ஒரு வண்டி திருடு போச்சுன்னு கேள்விப்பட்டதும் நான் 600 ரூபாய்க்கு ஒரு சங்கிலிப் பூட்டு வாங்கினேன். பளிச்சுன்னு ஆரஞ்சு கலர். தினமும் ராத்திரி பின் சக்கரத்துல மாட்டிட்டு நிம்மதியா தூங்குவேன்.

ஒரு மாசம் கழிச்சு விடியற்காலையில் அண்ணன் வண்டியைக் காணோம்.

எதிர் வீட்டு கேமராவில் பார்த்தோம். ராத்திரி 2:40. ரெண்டு பேர் வர்றாங்க. ஒருத்தன் முதல்ல என் வண்டிகிட்டதான் குனியறான். சங்கிலியை இழுத்துப் பார்க்கிறான், விட்டுடறான். அடுத்து அண்ணன் வண்டி. அதுல வெறும் ஹேண்டில் லாக்தான். அதை உடைக்க அரை நிமிஷம்கூட ஆகலை. சத்தமில்லாம உருட்டிட்டுப் போயிட்டாங்க.

அந்த வீடியோவைப் பார்க்கும்போது எனக்கு முதல்ல வந்த உணர்வு என்ன தெரியுமா? 'அப்பாடா.' அண்ணன் பக்கத்துலதான் நிக்கிறார். ஆனாலும் அதுதான் வந்தது.

அவர் என் தோள்ல கை வச்சு, "உன் வண்டியை முருகன் காப்பாத்திட்டாரு தம்பி"ன்னு சொன்னார். குத்தலா சொல்லலை, நிஜமாவே சொன்னார். அம்மாவும் போன்ல அதையேதான் சொன்னாங்க. எனக்குப் பதில் வரலை. கிருத்திகை விரதம் தவறாம இருக்கிறவர் அண்ணன்தான், நான் இல்லை. என்னைக் காப்பாத்தினவர் அவரை மட்டும் எப்படிக் கைவிடுவார்?

'முருகன் இருக்கும்போது பூட்டு எதுக்கு'ன்னு சிலர் கேட்பாங்க. அந்தக் கேள்வி எனக்குப் பெருசா படலை. கந்த சஷ்டி கவசத்தில் உடம்பின் ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியா சொல்லித்தானே காக்கச் சொல்லிக் கேட்கிறோம்? நம்மகிட்ட இருக்கிறதைக் கவனமா பார்த்துக்கிறதும் பக்திக்குள்ள அடக்கம்தான். பூட்டு போட்டது தப்பே இல்லை.

என்னை உறுத்தினது வேற. என் பூட்டு அன்னைக்குத் திருட்டைத் தடுக்கவே இல்லை. திருடனுக்கு விலாசத்தை மட்டும் மாத்திக் கொடுத்தது. எங்க வேலையில லோடு பேலன்சர்னு ஒண்ணு உண்டு. ஒரு சர்வர் வேலை செய்யலைன்னா, வர்ற டிராஃபிக்கை அடுத்த சர்வருக்குத் தள்ளிவிடும். என் சங்கிலி செஞ்சதும் அதேதான்.

ஆபீஸ் நண்பன்கிட்ட சொன்னேன். "திருடினவன்மேலதான்டா தப்பு, உன்மேல என்ன இருக்கு?"ன்னான். சரிதான். ஆனா தப்பு இல்லைன்னா கடமையும் இல்லைன்னு ஆயிடுமா?

நான் பூட்டு போட்டா அடுத்தவன் வண்டி போகும், அவன் போட்டா அதுக்கடுத்தவன் வண்டி போகும். திருட்டுன்னா இப்படித்தான்னு நினைச்சேன். கொஞ்சம் தேடிப் படிச்சதுல அது உண்மை இல்லைன்னு தெரிஞ்சது.

1963-ல் மேற்கு ஜெர்மனி, பழசு புதுசு பார்க்காம எல்லா கார்களுக்கும் ஸ்டீயரிங் லாக் கட்டாயம்னு சொல்லிடுச்சு. கார் திருட்டு நல்லா குறைஞ்சது. பிரிட்டனில் 1971-ல் புது கார்களுக்கு மட்டும் அதையே கொண்டுவந்தாங்க. புது கார்கள் தப்பிச்சுது, திருடர்கள் பழைய கார் பக்கம் போயிட்டாங்க. எங்க தெருவுல நடந்ததும் இதுதானே?

இன்னொண்ணு பைக் பத்தியே. ஹெல்மெட் போடாதவங்களுக்கு மேற்கு ஜெர்மனியில் 1980-ல் அபராதம் கொண்டுவந்தாங்க. திருட வர்றவன் பெரும்பாலும் கையில ஹெல்மெட்டோட வர்றதில்லை. அது இல்லாம ஓட்டினா போலீஸ் நிறுத்தும். 1980-ல் சுமார் 1,50,000 ஆக இருந்த பைக் திருட்டு 1986-ல் சுமார் 54,000 ஆயிடுச்சு. அத்தனை பேரும் கார் திருடப் போயிட்டாங்களான்னு ஆராய்ச்சியாளர்கள் பார்த்திருக்காங்க. அப்படி எதுவும் நடக்கலை. நிறையப் பேர் திருடாமலே இருந்துட்டாங்க.

ஒருத்தன் மட்டும் பூட்டினா திருட்டு இடம் மாறும். எல்லாரும் பூட்டினா திருட்டே குறையும். இதைப் படிச்சப்பதான் என் தப்பு எதுன்னு புரிஞ்சது. ஒரு மாசம் தினமும் ராத்திரி சங்கிலி மாட்டும்போது பக்கத்துல அண்ணன் வண்டி வெறும் ஹேண்டில் லாக்கோட நிக்கிறதைப் பார்த்திருக்கேன். "அண்ணே, நீங்களும் ஒண்ணு வாங்கிடுங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லலை. நாலு செகண்ட் ஆகியிருக்கும்.

இன்னொரு உண்மையும் சொல்லிடறேன். போன வருஷம் ஒரு பழைய பார்ட்ஸ் கடையில், பில் இல்லாம, பாதி விலைக்கு ஒரு கார்புரேட்டர் வாங்கினேன். எங்கிருந்து வந்ததுன்னு கேட்கலை. அது யாரோ ஒரு அண்ணனோட வண்டியில இருந்ததா இருக்கலாம். திருட்டுப் பொருள்னு தெரிஞ்சோ, அப்படி நம்பக் காரணம் இருந்தும் கண்டுக்காமலோ வாங்கினா, பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவில் 3 வருஷம் வரை சிறை உண்டு. சட்டத்தை விடுங்க. வாங்குறதுக்கு நான் இருக்கிறதாலதானே அவன் ராத்திரி 2:40-க்கு வர்றான்?

அண்ணனுக்கு இன்சூரன்ஸ் பணமும் வரலை. அவர்கிட்ட இருந்தது தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும்தான், அதுல திருட்டுக்குப் பணம் கிடையாது. வண்டி இல்லை, தவணை மட்டும் ஓடுது. உங்க பாலிசி எதுன்னு இன்னைக்கே எடுத்துப் பாருங்க. ரெண்டு சாவியையும் பத்திரமா வைங்க, க்ளைம் பண்ணும்போது கேட்பாங்க.

எனக்கு வாரத்துல மூணு நாள் வீட்டிலிருந்தே வேலை. அந்த நாள்ல என் வண்டியை அவர்கிட்ட கொடுத்தேன். மூணு மாசம் கழிச்சு அவர் ஒரு பழைய வண்டி வாங்கினார். இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் ரெண்டையும் ஆர்.சி.யோட ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தோம்.

இப்போ எங்ககிட்ட ஒரு நீளமான சங்கிலி இருக்கு. என் பின் சக்கரம் வழியா போய், அண்ணன் பின் சக்கரம் வழியா வந்து, கேட் கம்பியில பூட்டும். ஒரு பூட்டு, ரெண்டு சாவி. அவர் ராத்திரி 12 மணிக்கு வந்து மாட்டுவார், நான் காலையில எழுந்து எடுப்பேன். கீழ் வீட்டுத் தாத்தா தன்னோட ஸ்கூட்டரையும் அதுலயே சேர்க்க முடியுமான்னு போன வாரம் கேட்டார். இன்னும் நீளமா ஒண்ணு வாங்கணும்.

முருகன் அன்னைக்கு என்னைக் காப்பாத்தினாரா? தெரியலை. ஆனா அண்ணனைக் காப்பாத்தச் சொல்லி என்கிட்ட ஒரு மாசம் தினமும் காட்டிக்கிட்டேதான் இருந்திருக்கார்னு தோணுது. நான்தான் கவனிக்கலை. அதனால இப்போல்லாம் ஸ்டிக்கரைத் தொட்டுக் கும்பிடும்போது 'என் வண்டியைப் பார்த்துக்கோ முருகா'ன்னு கேட்கிறதில்லை. 'பக்கத்துல இருக்கிறதையும் பார்க்க வை'ன்னு கேட்கிறேன்.

இன்னைக்கு ராத்திரி வண்டியைப் பூட்டும்போது, பக்கத்துல நிக்கிற வண்டியையும் ஒரு தடவை பாருங்க. பூட்டு இல்லைன்னா அந்த வீட்டுக் கதவைத் தட்டி ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🦚